நெஞ்சு சி.டி.யில் டி.எல்.ஐ.ஆர்.: டோஸை எதுவரை குறைத்தால் நாட்யூல் தவறாது?

அல்சூர்_சிடி

வணக்கம். பெங்களூரில் ஒரு ஸ்கேன் சென்டரின் சி.டி. அறையிலிருந்து கேட்கிறேன். புது மெஷினோடு, பழக்கப்பட்ட நெட்வொர்க்கைக் கொண்டு ஸ்கேன் தரவிலிருந்து படத்தை உருவாக்கும் டீப் லேர்னிங் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் வந்திருக்கிறது. சுருக்கமாக டி.எல்.ஐ.ஆர்.; படத்தின் மணல்மணலான நாய்ஸை எவ்வளவு குறைக்கிறது என்பதில் லோ, மீடியம், ஹை என்று மூன்று நிலை. நுரையீரல் நாட்யூல் (சிறு கட்டி போன்ற புள்ளி) தேடும் லோ டோஸ் ப்ரோட்டோகாலை இதற்கேற்ப மாற்றி எழுத வேண்டும்.

இப்போது ஓடுவது இதுதான்: 120 கே.வி., ஆட்டோ எம்.ஏ. (உடம்பின் பருமனுக்கேற்ப ட்யூப் மின்னோட்டம் மாறும்), ரொட்டேஷன் 0.5 விநாடி, பிட்ச் ஏறக்குறைய 1, ஸ்லைஸ் 1.25 மி.மீ., இட்டரேட்டிவ் (திரும்பத் திரும்பக் கணக்கிட்டு நாய்ஸைக் குறைக்கும் முந்தைய முறை) 50 சதவீதம். சராசரி உடம்புக்கு சி.டி.டி.ஐ. வால்யூம் (மெஷின் காட்டும் கதிர்வீச்சு டோஸ் அளவு) 2.8 மில்லிகிரே வருகிறது. ஸ்கேன் நீளம் 35 செ.மீ. என்றால் டி.எல்.பி. (டோஸை நீளத்தால் பெருக்கியது) 98, நெஞ்சுக்கான 0.014 என்ற எண்ணால் பெருக்கினால் சுமார் 1.4 மில்லிசீவர்ட்.

பயிற்சி கொடுக்க வந்தவர் "ஹை போட்டுவிட்டு 0.5 மில்லிகிரேக்கு இறங்குங்கள், படம் இதைவிட சுத்தமாக வரும்" என்கிறார். படம் சுத்தமாகத்தான் வருகிறது. ஆனால் ரிப்போர்ட் எழுதும் டாக்டர், மெழுகு பூசியது போல இருக்கிறது, இதை நம்பி 4 மி.மீ. கிரவுண்ட் கிளாஸ் (பனிமூட்டம் போன்ற மங்கலான நிழல்) இல்லை என்று எப்படி எழுதுவது என்று கேட்கிறார்.

டோஸை எந்த எண் வரை குறைக்கலாம்? எந்த நிலையை வைப்பது? பழைய ஸ்கேன் இட்டரேட்டிவிலும் புதியது டி.எல்.ஐ.ஆரிலும் இருந்தால் வளர்ச்சியை ஒப்பிட்டுச் சொல்லலாமா? செய்து பார்த்தவர்கள் எண்களோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

பேண்டம்_மேசை

உங்கள் டாக்டர் கேட்டது சரியான கேள்வி. சுத்தமான படமும் நாட்யூல் தெரியும் படமும் ஒன்றல்ல. ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

திடமான நாட்யூல் +30 ஹெச்.யு. (சி.டி.யின் அடர்த்தி அளவு) அருகில் இருக்கும், சுற்றியுள்ள நுரையீரல் -850 அருகில். வித்தியாசம் கிட்டத்தட்ட 900. 1 மி.மீ. படத்தில் நாய்ஸ் 40 ஆனாலும் 100 ஆனாலும் இது மறையாது. ஆகவே 5 மி.மீ. திட நாட்யூலைக் கண்டுபிடிக்க டி.எல்.ஐ.ஆர். பெரிதாக ஒன்றும் கூட்டித் தரப்போவதில்லை. அது தவறுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் ரத்தக்குழாய் பக்கத்தில் ஒட்டியிருப்பது, மூச்சு அசைவு, தடித்த ஸ்லைஸ், படிப்பவரின் களைப்பு. நாய்ஸ் அந்த வரிசையில் கடைசியில்தான் வரும்.

கிரவுண்ட் கிளாஸ் கதை வேறு. அது -650 அருகில், எனவே வித்தியாசம் 200 மட்டும். டோஸ் 2.8இலிருந்து 0.5க்கு வந்தால் 5.6 மடங்கு குறைவு. நாய்ஸ் அதன் வர்க்கமூலம், 2.4 மடங்கு ஏறும். 40 இருந்தது 95 ஆகும். 200க்கு 40 என்பது வசதியான விகிதம். 200க்கு 95 என்றால், பழைய நேரடிக் கணக்கு முறையான ஃபில்டர்டு பேக் ப்ரொஜெக்‌ஷனில் 4 மி.மீ. கிரவுண்ட் கிளாஸ் மணலில் விழுந்த மணல்தான். டி.எல்.ஐ.ஆர். இந்த 95ஐ மறுபடி 40க்குக் கொண்டுவந்து காட்டும். ஆனால் எஸ்.டி. (நாய்ஸின் அளவு) குறைந்ததால் மட்டும் பழைய தகவல் திரும்பி வந்ததாக ஆகாது. டிடெக்டரில் விழாத ஃபோட்டானை எந்த நெட்வொர்க்கும் கொண்டுவர முடியாது.

உள்ளே நடப்பது இதுதான். குறைந்த டோஸ் தரவை உள்ளே கொடுத்து, அதிக டோஸில் எடுத்த நல்ல படத்தை இலக்காகக் காட்டிப் பழக்கியிருக்கிறார்கள். ஜி.இ.யின் ட்ரூஃபிடெலிட்டிக்கு இலக்கு அதிக டோஸ் ஃபில்டர்டு பேக் ப்ரொஜெக்‌ஷன். கேனனின் ஏஸுக்கு இலக்கு மாடல் அடிப்படையிலான இட்டரேட்டிவ் படம். இரண்டும் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி பெற்றது 2019இல். படத்தின் மணல்தன்மை மெஷினுக்கு மெஷின் வேறாக இருப்பதற்கு இந்த இலக்கு வேறுபாடும் ஒரு காரணம். சிக்னல் நாய்ஸைவிடத் தெளிவாகப் பெரிதாக இருக்கும் இடத்தில் நெட்வொர்க் அதைக் காப்பாற்றும். இரண்டும் ஒரே அளவில் கலந்திருக்கும் இடத்தில் எது நாய்ஸ் என்று ஒரு முடிவெடுக்கும், அங்கேதான் சின்ன கிரவுண்ட் கிளாஸ் வழித்தெடுக்கப்படும். இல்லாததை வரைந்துவிடுமோ என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். நாட்யூல் வேலையில் நான் அதிகம் கவலைப்படுவது, இருப்பதை அழிப்பதைப் பற்றி.

மெழுகுத் தோற்றத்துக்கு வருவோம். இட்டரேட்டிவை ஏற்ற ஏற்ற நாய்ஸ் நுண்ணியதா திட்டானதா என்று காட்டும் நாய்ஸ் பவர் ஸ்பெக்ட்ரத்தின் உச்சி இடப்பக்கம், அதாவது குறைந்த அதிர்வெண் பக்கம் நகரும். மணல் மறைந்து திட்டுத்திட்டாக மாறும். டி.எல்.ஐ.ஆரில் இந்த நகர்வு குறைவு, அதன் உண்மையான பலம் அதுதான். ஆனாலும் ஹையில் நகர்வு இருக்கிறது, குறைந்த டோஸில் இன்னும் கூடும். திட்டின் அளவு 4, 5 மி.மீ. அருகில் வந்துவிட்டால் அது நீங்கள் தேடும் நாட்யூலின் அளவேதான்.

உங்கள் மெஷினில் இதை அளந்து பார்க்க இரண்டு வேலை. முதலாவது, நீர் பேண்டத்தின் (சோதனைக்கான மாதிரிப் பொருள்) சீரான பகுதியை ஒரே செட்டிங்கில் 10 முறை ஸ்கேன் செய்து, அடுத்தடுத்த இரண்டு படங்களைக் கழித்து நாய்ஸ் ஸ்பெக்ட்ரம் எடுங்கள். கழித்த படத்தில் வேரியன்ஸ் இரட்டிப்பாக இருக்கும், 2ஆல் வகுக்க மறக்காதீர்கள். கூர்மையை அளக்க கேட்ஃபேன் என்ற சோதனை பேண்டத்தின் காற்று இன்செர்ட்டை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். அதன் வித்தியாசம் 1000 ஹெச்.யு.; அதில் கூர்மை அழகாக வரும். இந்த வகை ரீகனில் (ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்) கூர்மை பொருளின் கான்ட்ராஸ்டையும் டோஸையும் பொறுத்து மாறும். குறைந்த கான்ட்ராஸ்ட் இன்செர்ட்டில் தனியாக டாஸ்க் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் (அந்தக் கான்ட்ராஸ்டில் கூர்மையின் அளவு) எடுக்க வேண்டும். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கமான ஏ.ஏ.பி.எம்.மின் டாஸ்க் குரூப் 233 அறிக்கை, 2019, முறையைப் படிப்படியாகச் சொல்கிறது.

இரண்டாவது, நெஞ்சு பேண்டம். லங்மேன் என்ற மனித நெஞ்சு வடிவ பேண்டம் கிடைத்தால் நல்லது. கல்லூரி மருத்துவமனைகளில் கேட்டால் ஓரிரு நாளுக்கு வாங்கிவரலாம். அதன் நாட்யூல்கள் 3, 5, 8, 10, 12 மி.மீ. அளவில், +100, -630, -800 ஹெச்.யு. என மூன்று வகை. ஒரு எச்சரிக்கை: அதன் நுரையீரல் வெறும் காற்று, -1000. ஆகவே -630 நாட்யூலுக்கு அங்கே 370 வித்தியாசம் கிடைக்கிறது, நிஜ நோயாளியில் கிடைக்காத வசதி. நிஜத்தின் 200க்கு இணையாக நீங்கள் பார்க்க வேண்டியது -800 வகையைத்தான். மேலே மாட்டும் நெஞ்சுத் தட்டுகளையும் மாட்டி ஒரு சுற்று எடுங்கள், இல்லையென்றால் ஒல்லியான ஆளுக்கு மட்டும் பொருந்தும் முடிவாகிவிடும். 2.8, 1.5, 1.0, 0.5, 0.3 மில்லிகிரே, ஒவ்வொன்றிலும் நாட்யூலை இடம் மாற்றி மூன்று முறை, ஒரே ரா டேட்டாவிலிருந்து ஃபில்டர்டு பேக் ப்ரொஜெக்‌ஷன், இட்டரேட்டிவ் 50, மீடியம், ஹை. சீரிஸ் பெயரை மறைத்து டாக்டரிடம் கொடுங்கள். நாட்யூலே இல்லாத செட்டும் கலந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொய்ப் பாசிட்டிவ் எவ்வளவு என்று தெரியாது.

என் கருத்து: முதல் படி 1.0 மில்லிகிரே, மீடியம். 35 செ.மீ.க்கு சுமார் 0.5 மில்லிசீவர்ட். இப்போதைய டோஸில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அங்கே -800 வகையின் 5 மி.மீ. நாட்யூல் எல்லாச் சுற்றிலும் தெரிந்தால் அதற்குப் பிறகு 0.5ஐப் பற்றிப் பேசலாம். ஸ்கிரீனிங்குக்கு 3 மில்லிகிரே வரை அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி (ஏ.சி.ஆர்.) ஏற்கிறது, நீங்கள் ஏற்கெனவே அதற்குள்தான் இருக்கிறீர்கள். அவசரம் எதுவும் இல்லை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமான ஏ.இ.ஆர்.பி.க்காக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை செய்யும் தரப் பரிசோதனையில் (கியூ.ஏ.) இந்தக் கேள்விக்கு விடை வராது, இது தனி வேலை.

நெஞ்சுப்படம்_வாசிப்பு

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ரிப்போர்ட் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

ஹை வேண்டாம், மீடியம் போதும். ஹையில் நான் இழப்பதாகப் பார்ப்பது நாட்யூலைவிட அதன் அக்கம்பக்கத்தை: மெல்லிய செப்டல் கோடு (நுரையீரலுக்குள் உள்ள நுண் தடுப்பு), சிறு ஃபிஷர் (நுரையீரல் மடல்களுக்கு இடையிலான கோடு), எம்ஃபிசீமாவின் (காற்றறைகள் சிதைந்த பகுதி) விளிம்பு. 5 மி.மீ. முக்கோண நாட்யூல் ஃபிஷரை ஒட்டி இருக்கிறது என்று தெரிந்தால் அது நிணநீர்க்கணு என்று விட்டுவிடலாம். ஃபிஷரே மங்கிப்போனால் அந்த நோயாளிக்குத் தேவையில்லாத ஃபாலோ அப்.

பெங்களூருக்கு இது இன்னொரு விதத்தில் முக்கியம். அடுக்குமாடி பால்கனிகளில் புறா அடைவது இங்கே பெரிய தொல்லை. புறா எச்சத்தால் வரும் ஹைபர்சென்சிடிவிட்டி நிமோனைட்டிஸில் (ஒவ்வாமையால் வரும் நுரையீரல் அழற்சி) சென்ட்ரிலோபுலர் (நுரையீரலின் சிறு அலகுகளின் நடுவில் வரும்) கிரவுண்ட் கிளாஸ் நாட்யூல்கள் மங்கலாக, ஓரம் இல்லாமல் பரவிக் கிடக்கும். நாட்யூல் தேடும் ஸ்கேனிலேயே இது தற்செயலாகக் கிடைக்கும். 0.5 மில்லிகிரே, ஹை என்று போனால் முதலில் காணாமல் போவது இதுதான். காசநோய் ஆறிய கால்சியம் நாட்யூல்களைப் பற்றிக் கவலையே வேண்டாம், அவை எந்த ரீகனிலும் பளிச்சென்று நிற்கும்.

ஸ்லைஸை 1.25இலிருந்து 1 மி.மீ. அல்லது அதற்கும் கீழே கொண்டுவாருங்கள், 0.7 மி.மீ. இடைவெளி, கொஞ்சம் ஓவர்லாப். டி.எல்.ஐ.ஆரின் நிஜமான லாபம் எனக்கு இங்கேதான் தெரிகிறது. முன்பு நாய்ஸுக்குப் பயந்து தடித்த ஸ்லைஸில் படித்தோம். 3 மி.மீ. கிரவுண்ட் கிளாஸை 5 மி.மீ. ஸ்லைஸில் பார்த்தால் 200 ஹெச்.யு. வித்தியாசம் சராசரியாகி 120க்கு வந்துவிடும், அதுவும் நாட்யூல் முழுவதும் அந்த ஒரே ஸ்லைஸுக்குள் விழுந்தால். மெல்லிய ஸ்லைஸைத் தைரியமாகப் படிக்க முடிவதே பெரிய உதவி. தேடுவதற்கு 8 முதல் 10 மி.மீ. எம்.ஐ.பி. (பல ஸ்லைஸில் மிகப் பளிச்சென்ற புள்ளிகளை ஒன்றாகக் காட்டும் படம்), உறுதி செய்ய மெல்லிய ஸ்லைஸ், விண்டோ 1500, லெவல் -600. கிரவுண்ட் கிளாஸை எம்.ஐ.பி.யில் மட்டும் தேடாதீர்கள், அங்கே அது அமுங்கிவிடும்.

கெர்னலையும் (படத்தின் கூர்மையைத் தீர்மானிக்கும் ஃபில்டர்) பாருங்கள். சில மெஷின்களில், சில சாஃப்ட்வேர் வெர்ஷன்களில், டி.எல்.ஐ.ஆர். ஸ்டாண்டர்டு கெர்னலோடு மட்டும் வரும், கூர்மையான லங் கெர்னலுக்கு வராது. அப்படியானால் லங் கெர்னல் இட்டரேட்டிவ் சீரிஸ் ஒன்றையும் கூடவே அனுப்புங்கள்.

ஒப்பீடு பற்றி: வெவ்வேறு ரீகனில் எடுத்த இரண்டு படங்களை வைத்து வளர்ச்சி என்று எழுதக் கூடாது. நாட்யூலை வகைப்படுத்தும் லங்-ராட்ஸ் முறையில் 12 மாதத்துக்குள் சராசரி விட்டம் 1.5 மி.மீ.க்கு மேல் கூடினால் வளர்ச்சி. 350 மி.மீ. எஃப்.ஓ.வி.யை (படத்தில் அடங்கும் அகலம்) குறுக்கே உள்ள 512 பிக்சலால் வகுத்தால் ஒரு பிக்சல் 0.68 மி.மீ.; ஓரம் இரண்டு பக்கமும் ஒரு பிக்சல் மங்கினாலே 1.4 மி.மீ. வந்துவிட்டது. வால்யூம் பார்த்தால் இன்னும் மோசம். விட்டம் 26 சதவீதம் கூடினால் கன அளவு இரட்டிப்பு, அதனால் ஓரத்தில் வரும் சின்னப் பிழை வால்யூமில் பெருத்து வரும். மொத்த விட்டம் 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் உள்ள பார்ட் சாலிடில் (கிரவுண்ட் கிளாஸும் திடப் பகுதியும் கலந்த நாட்யூல்) உள்ளே இருக்கும் திடப் பகுதி 6 மி.மீ.க்குக் கீழே என்றால் வகை 3, 6 தொட்டால் 4ஏ, 8 தொட்டால் 4பி. இந்த 6ஐத் தீர்மானிப்பது ஓரத்தின் கூர்மை. ஆகவே மாற்றம் செய்யும் முதல் வருடம் முழுவதும் பழைய இட்டரேட்டிவ் 50 சீரிஸையும் அதே கெர்னல், அதே தடிமனில் சேர்த்து அனுப்புங்கள். பழையதோடு பழைய வகை, புதியதோடு புதிய வகை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டோஸ் குறைந்துவிட்டது என்பதற்காக ஐ.டி. கம்பெனி ஹெல்த் செக்கப் பேக்கேஜில் 30 வயதுக்காரர்களுக்கெல்லாம் நெஞ்சு சி.டி. சேர்ப்பது சரியல்ல. நுரையீரல் புற்றுநோய் இறப்பை 20 சதவீதம் குறைத்துக் காட்டிய அமெரிக்காவின் என்.எல்.எஸ்.டி. என்ற ஆய்வு, 2011இல் முடிவு வெளியானது, 55 முதல் 74 வயதுள்ள, குறைந்தது 30 பேக் இயர் (தினம் ஒரு பாக்கெட் வீதம் 30 வருடத்துக்குச் சமம்) புகைத்தவர்களில் நடந்தது. காசநோய்த் தழும்பு நிறைந்த நம் ஊரில் ஆபத்துக் காரணி இல்லாத இளைஞரை ஸ்கேன் செய்தால் கிடைப்பது பெரும்பாலும் பழைய கிரானுலோமாவும் (ஆறிய அழற்சி முடிச்சு) ஆறு மாத மன உளைச்சலும்.

அல்சூர்_சிடி

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு சிக்கல். நாய்ஸ் இண்டெக்ஸை (ஆட்டோ எம்.ஏ.வுக்குக் கொடுக்கும் நாய்ஸ் இலக்கு) ஏற்றினால் குண்டானவர்களுக்கு டோஸ் இறங்குகிறது, ஒல்லியானவர்களுக்கு 0.7க்குக் கீழே இறங்கவே மறுக்கிறது. இன்னொன்று, 1 மில்லிகிரேயில் தோள்பட்டை மட்டத்தில் கோடுகோடாக வருகிறது. டி.எல்.ஐ.ஆர். ஹை போட்டாலும் கோடு போகவில்லை, மங்கலான கோடாக மாறுகிறது. நுனிப்பகுதி நாட்யூல் அதில் மறைந்துவிடும் போலிருக்கிறது.

ஸ்கவுட்_முதல்

முதல் சிக்கல் எளிது. ஆட்டோ எம்.ஏ. செட்டிங்கில் மினிமம் எம்.ஏ. என்று ஒரு எண் இருக்கும், ஒல்லியானவர்கள் அந்தத் தரையில் போய் முட்டுகிறார்கள். உங்களுக்கு 0.5 விநாடியில் 0.7 மில்லிகிரே என்றால் 120 கே.வி.யில் 10 எம்.ஏ.எஸ்., அதாவது 20 எம்.ஏ. அருகில் நின்றுவிட்டது. மினிமத்தை 10க்கு இறக்கிப் பாருங்கள். மெஷின் அனுமதிக்காவிட்டால் ரொட்டேஷனை 0.35க்குக் கொண்டுவாருங்கள், டோஸும் குறையும், இதயத் துடிப்பால் இடப்பக்க லிங்குலாவில் (இதயத்தை ஒட்டிய நுரையீரல் பகுதி) வரும் அசைவும் குறையும். 100 கே.வி. இன்னொரு வழி, அதே எம்.ஏ.எஸ்.ஸில் சி.டி.டி.ஐ. ஏறக்குறைய 40 சதவீதம் இறங்கும். ஒல்லியானவர்களுக்கு இதைச் சிரத்தையாகச் செய்ய வேண்டும், ஏனென்றால் சி.டி.டி.ஐ. 32 செ.மீ. பேண்டத்தை வைத்துச் சொல்லும் எண். 26, 27 செ.மீ. உடம்பு உண்மையில் வாங்குவது அதைப் போல சுமார் 1.4 மடங்கு.

நீங்கள் ஸ்லைஸை 1 மி.மீ.க்கு மாற்றும்போது ஒரு குழி இருக்கிறது. ஜி.இ. மெஷினில் நாய்ஸ் இண்டெக்ஸ் முதல் ரீகனின் தடிமனோடு கட்டப்பட்டது. 5 மி.மீ.க்கு 11 என்று வைத்திருந்த ப்ரோட்டோகாலில் முதல் ரீகனை 0.625க்கு மாற்றி, இண்டெக்ஸை அப்படியே விட்டால், மெல்லிய ஸ்லைஸிலும் 11 வேண்டும் என்று நினைத்து எம்.ஏ. உச்சத்துக்கு ஏறிவிடும். டோஸ் குறைக்கப் போய் டோஸ் பல மடங்காகும். தடிமன் எட்டில் ஒன்றானால் இண்டெக்ஸை எட்டின் வர்க்கமூலத்தால், சுமார் 2.8ஆல் பெருக்க வேண்டும்; 11 என்பது 31 ஆகும். மாற்றியதும் ஸ்கேன் பட்டனை அழுத்துமுன் திரையில் வரும் சி.டி.டி.ஐ.யைப் படியுங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும்.

தோள்பட்டைக் கோடு ஃபோட்டான் பட்டினியால் வருவது. பக்கவாட்டில் இரண்டு தோள் எலும்பையும் கடந்து டிடெக்டருக்கு வருவது சொற்பம், அங்கே எலக்ட்ரானிக் நாய்ஸ்தான் பெரிதாக இருக்கும். ஹெச்.யு. எண்களே அங்கே சாய்ந்துவிடும், ரீகனால் அதைச் சரிசெய்ய முடியாது. கையை முழுவதும் தலைக்கு மேல் தூக்கவையுங்கள், முழங்கைக்கு அடியில் தலையணை கொடுத்தால் வயதானவர்களும் தாங்குவார்கள். எக்ஸ், ஒய் திசையிலும் நீளவாக்கிலும் எம்.ஏ. மாடுலேஷன் இரண்டும் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். மாக்ஸிமம் எம்.ஏ.வை மிகவும் இறுக்கிப் பிடித்திருந்தால் தோளில் அது ஏற முடியாமல் நின்றுவிடும். அங்கே மட்டும் கொஞ்சம் ஏறட்டும், சில செ.மீ.தானே.

அடுத்து சென்டரிங், அதாவது ஆளை மெஷினின் சரியான நடுவில் வைப்பது. ட்யூப் மேலே வைத்து ஸ்கவுட் (ஸ்கேனுக்கு முந்தைய முன்னோட்டப் படம்) எடுக்கும்போது டேபிள் தாழ்ந்திருந்தால் ஆள் சிறியவராகத் தெரிவார், மெஷின் எம்.ஏ.வைக் குறைத்துவிடும், நாய்ஸ் ஏறும். டேபிள் உயர்ந்திருந்தால் ஆள் பெரிதாவார், டோஸ் வீணாகும். பக்கவாட்டு லேசர் நெஞ்சின் பாதி உயரத்தில் விழ வேண்டும். டோஸ் குறையக் குறைய இந்தத் தவறு படத்தில் அதிகம் தெரியும்.

கடைசியாக மூச்சு. 40 மி.மீ. கொலிமேஷன் (எக்ஸ்ரே கற்றையின் அகலம்), பிட்ச் 1, 0.5 விநாடி என்றால் விநாடிக்கு 8 செ.மீ.; 35 செ.மீ.க்கு நாலரை விநாடி. சின்ன நேரம்தான், ஆனாலும் மூச்சு விட்டால் அடிப்பகுதியில் 4 மி.மீ. நாட்யூல் இரட்டையாகத் தெரியும் அல்லது மறையும். அசைவை டி.எல்.ஐ.ஆர். திருத்தாது, அழகாக வழவழப்பாக்கி, அசைவு இருந்ததே தெரியாமல் செய்வதுதான் ஆபத்து. கீழிருந்து மேலாக ஸ்கேன் செய்யுங்கள், உதரவிதானம் முதலில் முடிந்துவிடும். மெஷினில் வரும் ஆங்கிலக் குரலை நம்பாமல் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது நான்கிலும் ஆட்டோ வாய்ஸ் பதிவு செய்துவையுங்கள். கன்னடத்தில் "உசிரு எளெது ஹிடிதுகொள்ளி" என்று நிதானமாக, பிறகு எக்ஸ்ரே தொடங்க 3 விநாடி இடைவெளி. டேபிளில் ஏறுமுன் இரண்டு முறை ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

பேக்ஸ்_அறை

நாட்யூல் தேடும் ஏ.ஐ. சாஃப்ட்வேர் உங்கள் சென்டரில் ஓடுகிறதா? ஓடினால் அது எந்த சீரிஸை எடுத்துக்கொள்கிறது என்று இன்றே பாருங்கள். இவை பெரும்பாலும் பழைய வகை ரீகன் படங்களில் பழகியவை. டி.எல்.ஐ.ஆர். படத்தைக் கொடுத்தால் கண்டுபிடிக்கும் எண்ணிக்கையும் பொய்ப் பாசிட்டிவும் மாறலாம், வால்யூம் எண்ணும் மாறும். எந்தப் படம் எங்கே போக வேண்டும் என்ற ரூட்டிங் விதி "மிக மெல்லிய சீரிஸ்" என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், நீங்கள் புதிதாகச் சேர்க்கும் 1 மி.மீ. டி.எல்.ஐ.ஆர். சீரிஸ் யாருக்கும் தெரியாமல் அங்கே போய்விடும். விதியில் கெர்னலையும் ரீகன் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். கம்பெனி அந்த ரீகனில் சோதித்ததாக எழுத்தில் தரும் வரை இட்டரேட்டிவ் சீரிஸையே அனுப்புவது நல்லது.

இடக் கணக்கு: 35 செ.மீ.யை 0.7 மி.மீ. இடைவெளியில் வெட்டினால் 500 படம், படத்துக்கு அரை எம்.பி., ஒரு சீரிஸ் 250 எம்.பி. மூன்று சீரிஸ் அனுப்பினால் ஒரு நோயாளிக்கு முக்கால் ஜி.பி. ஆர்க்கைவுக்கு டி.எல்.ஐ.ஆர். மீடியமும் ஒப்பீட்டு சீரிஸும் போதும், எம்.ஐ.பி.யை வொர்க்ஸ்டேஷனிலேயே செய்துகொள்ளலாம்.

ரா டேட்டா மெஷினில் சில நாள்தான் இருக்கும், கூட்டம் அதிகமான வாரத்தில் அதற்கும் முன்பே அழிந்துவிடும். பேண்டம் ஸ்கேன்களை லாக் செய்துவையுங்கள். நோயாளிகளில் சந்தேக நாட்யூல் உள்ளவர்களுக்கு மறு ரீகன் வேண்டுமானால் அன்று மாலைக்குள் டாக்டர் சொல்லிவிட வேண்டும்.

சீரிஸ் பெயரில் தடிமன், கெர்னல், ரீகன் நிலை மூன்றும் இருக்கட்டும்: "லங் 1.0 டி.எல். மீடியம்" என்பதுபோல. ரிப்போர்ட்டின் டெக்னிக் வரியிலும் அதே சொற்கள். ஒரு வருடம் கழித்து அந்த நோயாளி சென்னையிலோ வேலூரிலோ ஃபாலோ அப் எடுத்தால், அங்கே படிப்பவருக்கு எதோடு எதை ஒப்பிடுவது என்று தெரிய அந்த ஒரு வரிதான் இருக்கும்.